ஆபீஸ் விட்டு ஆறு மணிக்கு: சங்கரன்கோவில் பென்ஷன்காரர்களின் பாட்டு மன்றம்

அப்பாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "இங்கே மன்றத்தில் சனிக்கிழமை தோறும் கிளாரினெட் வாசிக்கிறார்கள். கேட்கச் சுகமாக இருக்கிறது. நேரம் இருந்தால் வா." முப்பத்தாறு வருஷம் தாலுகா ஆபீசில் கணக்கெழுதிய மனுஷன் அவர். எங்கள் வீட்டில் ரேடியோவில் செய்தி முடிந்ததும் குமிழைத் திருகி அணைத்துவிடுவார். அவருக்குப் பாட்டு சுகமாக இருக்கிறதாம்.

எனக்கு வயிறு எரிந்தது. இதைக் கௌரவமாக எழுத வேறு வழி தெரியவில்லை. நான் பி.எஸ்ஸி. முடித்து நாலு வருஷமாகிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் புதுப்பித்துக்கொண்டு, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு டுடோரியலில் பத்தாவது தவறியவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வேலை கிடைக்காதவனுக்கு நேரம் கொட்டிக் கிடக்கும் என்று வேலையை முடித்தவர்கள் நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே நேரம் இல்லை. அவர்களுடையது சம்பாதித்த நேரம். எங்களுடையது யாருக்கும் வேண்டாத நேரம்.

இருந்தாலும் போனேன். எண்பத்திரண்டு மார்கழி, ஒரு சனிக்கிழமை. ஜங்ஷனில் மத்தியானம் இரண்டு பத்துக்கு பஸ். மானூர் வழியாக ஐம்பத்தாறு கிலோமீட்டர், டிக்கெட் நாலு ரூபாய் எண்பது பைசா. இடதுபுற ஜன்னலில் உட்காராதீர்கள். மேற்கு வெயில் முகத்திலேயே அடிக்கும். பனவடலிசத்திரத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கினால் பத்து நிமிஷம் ஆகும். கண்டக்டரிடம் எப்போது கிளம்பும் என்று கேட்டேன். "அவரு கிளாஸக் கீழ வச்சா கிளம்பும்" என்றார். அந்த வருஷம் மழை இருந்ததால் ரோட்டின் இரண்டு பக்கமும் கரிசலில் பருத்தி நின்றது. நாலுக்குச் சங்கரன்கோவில்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மன்றத்துக்கு வழி கேட்டேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவன், மடியில் இருந்த கறுப்புப் பெட்டியைத் தட்டிக்காட்டி, தானும் அங்கேதான் போகிறேன் என்றான். பெயர் கோமதிநாயகம். என் வயதுதான் இருக்கும். விசைத்தறியில் ராத்திரி ஷிப்டு. இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை. அப்பா எழுதிய கிளாரினெட் இவன்தான்.

மன்றம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ஆறுக்கு என்றான். எட்டுக்குத் தறியில் நிற்க வேண்டியவன் ஆறுக்கு வாசிக்க உட்கார்ந்தால் எப்படி?

"ஏழரைக்கு எந்திரிச்சாப் போதும். சைக்கிள்ல இருவது நிமிசம்" என்றான். பிறகு டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இந்த மாசம் ரெண்டு தடவ லேட்டாயிட்டு, அண்ணாச்சி. மூணாவது தடவ லேட்டுன்னா ராத்திரித் தறி கிடையாதுன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. பகல்ல போட்டுட்டாருன்னா வாசிப்ப மறந்துர வேண்டியதுதான்."

பகல் ஷிப்டு என்றால் காலை எட்டிலிருந்து இரவு எட்டு. ராத்திரித் தறி இருப்பதால்தான் மத்தியானம் எழுந்து பழக முடிகிறது, சாயங்காலம் வாசிக்க முடிகிறது. அவனுடைய சங்கீதமெல்லாம் அந்த ஒரு ஷிப்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா வீட்டுக்குப் போனேன். அப்பா அங்கேதான் இருக்கிறார். மணி நாலரைகூட ஆகவில்லை. குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். இப்போதே போகலாமே என்றேன். மணி ஆகவில்லை என்றார். ஐந்தே முக்கால் வரை அப்படியே இருந்தார்.

மன்றம் ஒரு உரக்கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. பதினான்கு மரப்படிகள், கைப்பிடி கிடையாது. மூட்டுவலிக்காரர்கள் கவனிக்கவும். உள்ளே உறுப்பினருக்குப் பிரம்பு நாற்காலி பதினொன்று, விருந்தாளிக்கு ஒரு மடக்கு நாற்காலி, ஒரு பெரிய சுவர்க் கடிகாரம், வாசிப்பவருக்கு ஒரு கோரைப்பாய். உறுப்பினர் எல்லாரும் ரிடையர் ஆனவர்கள். தலைவர் பழைய டெப்டி தாசில்தார், செயலாளர் பழைய சப்-ரிஜிஸ்திரார். வந்ததும் ஆஜர் புத்தகத்தில் கையெழுத்து. பிறகு போன வார நடவடிக்கைக் குறிப்பைச் செயலாளர் வாசித்தார். அதில் ஒரு வார்த்தையை மாற்ற வேண்டும் என்று ஒருவர் ஆட்சேபித்தார். கோமதிநாயகம் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பாயில் காத்திருந்தான். தபேலாக்காரர் பக்கத்துத் தையல்கடைக்காரர். அவர் விரலில் சொடக்கெடுத்துக்கொண்டிருந்தார். முதல் பாட்டு தொடங்கும்போது மணி ஆறு முப்பத்தைந்து.

வாசிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைக் இல்லை. ஊதுகிறவன் மூச்சு இழுக்கிற சத்தம்கூடக் கேட்கிறது. ஆறடி தூரத்தில் உட்கார்ந்து கேட்கும்போது கிளாரினெட் கல்யாண வீட்டில் கேட்கிற வாத்தியமாகவே இல்லை. ஒரு காவடிச்சிந்து மெட்டை அவன் முதலில் மெதுவாக, நடந்து வருகிறவனைப் போல வாசித்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காலுக்கு வேகம் வந்தது. பெரிய ஊர்களில் டிக்கெட் வாங்கி முப்பதாவது வரிசையில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு இது கிடைக்காது. இந்தப் பதினொரு பேருக்குக் கிடைக்கிறது, வாராவாரம், சாய்ந்து உட்கார்ந்துகொண்டு.

அப்பா கண்ணை மூடியிருந்தார். வலதுகை விரல்கள் நாற்காலியின் கைமேல் தாளம் போட்டன. அந்த விரல்கள் கணக்கு நோட்டில் கோடு போட்டுத்தான் நான் பார்த்திருக்கிறேன். நான் பேசும்போது ஒரு வாக்கியத்தை முழுசாக அவர் கேட்டதில்லை. பாயில் உட்கார்ந்திருந்தவனை ஒரு மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியில் இருந்தவர்கள் மேல் எனக்கு இருந்த பொறாமை பாயில் இருந்தவன் மேலும் பாய்ந்தது.

அந்த மன்றத்தில் கை தட்டுவதில்லை. ஒரு பாட்டு பிடித்துப்போனால், பிடித்தவர் கீழே கடைக்குச் சொல்லி ஒரு கலர் வரவழைப்பார். ஆரஞ்சு கலர், சோடா பாட்டிலில். வாசிக்கிறவர் அதைக் குடித்துவிட்டு அதே பாட்டை மறுபடி வாசிக்க வேண்டும். மறுத்தவர் இதுவரை யாரும் இல்லை என்று செயலாளர் பெருமையாகச் சொன்னார்.

ஏழு முப்பதுக்குக் கோமதிநாயகம் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்த அறையில் அவனுடைய எட்டு மணியைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தபேலாக்காரருக்குக்கூடத் தெரியாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் வாயைத் திறக்கலாம் என்று நினைத்த நேரத்தில் படியேறி ஒரு கலர் வந்தது. அனுப்பியவர் அப்பா.

நான் சும்மா இருந்தேன். பெரியவர்கள் சபையில் பேசக்கூடாது என்றெல்லாம் இல்லை. அப்படி எதற்கும் நான் அடங்கியவன் இல்லை. அப்பா என்னிடம் ஒருநாளும் எதையும் 'இன்னொரு தடவை' என்று கேட்டதில்லை. அந்த எரிச்சலில் சும்மா இருந்தேன். அவன் குடித்தான், வாசித்தான். ஏழு நாற்பத்து மூன்றுக்கு அடுத்த கலர், தலைவருடையது. அதையும் குடித்தான். வயிறு உப்பியவன் எப்படி ஊதுவான்? நடுவில் ஒரு இடத்தில் மூச்சு அறுந்தது. அப்போதுதான் எனக்கு வெட்கம் வந்தது. எழுந்து, அவர் எட்டுக்குத் தறியில் நிற்க வேண்டும், விடுங்கள் என்றேன். மணி ஏழு ஐம்பத்திரண்டு.

அவன் பெட்டியைக்கூடச் சரியாக மூடவில்லை. படியிறங்கின சத்தம் கேட்டது, சைக்கிள் ஸ்டாண்டு சத்தம் கேட்டது, போய்விட்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கேட்டுவிட்டேன். நீங்கள் எல்லாரும் ரிடையர் ஆனவர்கள். பகல் முழுக்கச் சும்மா இருக்கிறீர்கள். நாலு மணிக்கு ஆரம்பிக்காமல் எதற்கு ஆறு மணிக்கு ஆரம்பிக்கிறீர்கள்?

செயலாளர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஆபீஸ் விட்டு வரணும்லா, தம்பி?" என்றார்.

சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது. தலைவரைப் பார்த்தார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொரு பேரில் கடைசியாக ஆபீஸ் போனவர் என் அப்பா. அதுவும் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால். மன்றம் தொடங்கிய நாளிலிருந்தே உறுப்பினர் எல்லாரும் பென்ஷன்காரர்கள்தான். யாருக்கும் இது தோன்றவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. முப்பது வருஷம் ஒரு மணியோசைக்கு எழுந்து உட்கார்ந்த உடம்புகள், அவ்வளவுதான். ஆனால் அவர்களுடைய பழக்கத்துக்கு இன்னொருவன் தன் ராத்திரித் தறியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

தலைவர் தொண்டையைச் செருமி, "மனுவா எழுதிக் குடும். அடுத்த கூட்டத்துல வைப்போம்" என்றார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன். நம்பர் போட்டுக் கோப்பில் வைத்தார்கள்.

மறுநாள் காலை எட்டுக்கு முன்னால் தறிக்கூடத்து வாசலுக்குப் போனேன். ராஜபாளையம் ரோட்டில் ஊர் எல்லையைத் தாண்டி இருக்கிறது. ரோட்டிலேயே தறிச்சத்தம் காதை அடைத்தது. கோமதிநாயகம் தலையெல்லாம் பஞ்சோடு வெளியே வந்தான். எட்டு மணி பதினாலு நிமிஷத்துக்கு வந்தானாம். முந்தின ராத்திரி மட்டும் நிற்கவிட்டு, திங்கள்கிழமை முதல் பகல் ஷிப்டு என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

நீரே எழுந்து சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நான் எந்திரிச்சா, மறு வாரம் வேற ஆள வச்சிருவாவ" என்றான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பத்தடி நடந்தான். நின்றான். "நீங்க ஏழரைக்கே சொல்லிருக்கலாம் அண்ணாச்சி. நீங்களும் மணியப் பாத்திய, நானும் பாத்தேன்."

ஒன்பதரை பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அப்பா கார்டு போட்டார். மனு ஏகமனதாக நிறைவேறியதாம். இனி சனிக்கிழமை நாலு மணிக்கே மன்றம். ஆனால் அவன் இப்போது இரவு எட்டுக்குத்தான் தறியை விட்டு வருகிறான். ஆகவே எட்டரைக்கு மாற்றச் சொல்லி அப்பாவே இரண்டாவது மனு கொடுத்தார். பனி ஆகாது என்று நாலு பேர் எதிர்த்தார்கள். தறிக்கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு என்று ஒருவர் எடுத்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அரசாங்க விடுமுறை, மன்றம் திறக்கும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது. விஷயம் பரிசீலனையில் இருக்கிறது. "நான் மட்டும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருகிறேன்" என்று கடைசி வரியில் நெருக்கி எழுதியிருந்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். சங்கரன்கோவிலில் இது மாதிரி மாடி மன்றங்கள் மூன்று இருக்கின்றன. ஸ்டேஷன் பக்கத்து மன்றத்தில் செவ்வாய்க்கிழமை வில்லுப்பாட்டு. நெசவாளர் தெருவில் வியாழக்கிழமை ஆர்மோனியம். கட்டணம் எங்கும் கிடையாது. வெளியூர்க்காரர் என்றால் நாற்காலி தருவார்கள், மரியாதையாகப் பேசுவார்கள். புளியங்குடியிலிருந்தும் பஸ் இருக்கிறது. வாசிப்பவரிடம் அவருடைய ஷிப்டு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நேரமானால் வாயைத் திறந்து சொல்லுங்கள். கிளாரினெட் வேண்டுமென்றால் ஞாயிறு காலை பத்து மணி, தறிக்கூடத்துப் பின்தெருவில் கடைசி வீடு. அவன் யாரையும் வேண்டாம் என்பதில்லையாம். தெருவில் இப்போது ஏழெட்டுப் பேர் வந்து கூடுகிறார்கள் என்று அக்கா எழுதுகிறாள்.

நான் இன்னும் போகவில்லை. பரீட்சை நெருங்குகிறது என்று எங்கள் டுடோரியலில் ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு வைத்துவிட்டார்கள்.