கழுத்தில் ஒரு கிரைண்டர்

சுழலும் கருவியை ஓட்டும்போது கழுத்தில் தொங்கும் துணி எதுவும் கூடாது என்று அதன் கையேட்டில் எழுதியிருக்கிறது. எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த வரியில் ஒரு 'க்' விட்டுப்போயிருந்தது. பென்சிலால் திருத்தியவனே நான்தான். திருத்திவிட்டு, மஃப்ளரை இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டு வேலையில் இறங்கினேன். மலைமேல் இருக்கும் காவலூரின் மார்கழிக் குளிரைக் கையேடு எழுதியவர் பார்த்திருக்க மாட்டார்.

சின்ன வேலைதான். குளியலறைத் தாழ்ப்பாள் போட்டால் திறக்க மறுத்தது. எங்கே உரசுகிறது என்று பார்க்க, உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டேன். கையில், பேனாபோல் பிடித்து இரும்பைத் தேய்க்கிற கிரைண்டர். அங்கே பிளக் கிடையாது; ஒயர் கூடத்து ஜன்னல் வழியாக வெளியேறி, சுவரைச் சுற்றி, வெண்டிலேட்டர் வழியாக வந்தது. நழுவி வாளித் தண்ணீரில் விழக் கூடாதே என்று, முன்னதாகவே வெளியில் நின்று வெண்டிலேட்டர் கம்பியோடு ஒயரை இறுக்கிக் கட்டியிருந்தேன். கையேட்டில் நான் கடைப்பிடித்த ஒரே விதி அதுதான்.

குனிந்தேன். மஃப்ளரின் நுனி சுழலும் முனையில் பட்டது. மிஷின் என் கையை உதறிவிட்டு, கம்பளியைச் சுருட்டிக்கொண்டே மார்பில் ஏறித் தாடைக்கு நாலு விரல் கீழே வந்தது. அப்போது பார்த்துக் கரண்ட் போனது.

வாழ்நாளில் முதல்முறையாகக் கரண்ட் போனதற்கு நன்றி சொன்னேன். அரை நிமிடம்தான். சுவிட்ச் ஆனிலேயே இருந்தது, கம்பளி உருண்டைக்குள் எங்கோ. கரண்ட் வந்தால் மிச்ச நாலு விரலையும் அது ஏறி முடித்துவிடும். ஒயரை இழுத்தேன். முடிச்சு அசையவில்லை; அத்தனை நல்ல முடிச்சை நான் அதற்குமுன் போட்டதில்லை. தாழ்ப்பாளும் அசையவில்லை. கழுத்தில் இறுகிய மஃப்ளரும் கழலவில்லை. கம்பளியைப் பிரிக்க விரலை விட்டால் விரல் போகும், விடாவிட்டால் தாடை. படித்தவன் என்பதால் இரண்டையும் தீர யோசித்து, எதையும் செய்யாமல், அணைந்த பல்பை அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.

மனைவி முதல் பஸ்ஸில் ஆலங்காயம் போயிருந்தாள். வெளியே பக்கத்து வீட்டு அக்கா சாமை புடைக்கும் சத்தம் கேட்டது.

"யக்கா! கொஞ்சம் வாங்க!"

"இன்னா சார், பாத்ரூம்லர்ந்து கூப்புடுறீங்க? சோப்பு வேணுமா?"

"கூடத்துல பிளக்கைப் புடுங்குங்க! கரண்ட் வர்றதுக்குள்ள!"

அவர் உள்ளே போகும் சத்தம். "எந்தப் பிளக்கு? இங்க மூணு கீதே."

"எல்லாத்தையும் புடுங்குங்க!"

"ஃபிரிட்ஜையுமா? பாலு இருந்தா திரிஞ்சி பூடும் சார்."

"திரியட்டும்க்கா!"

பிடுங்கினார். பிறகு கதவில் தோளால் ஒரே இடி. தாழ்ப்பாள் ஆணியோடு வந்து என் காலடியில் விழுந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தவர், தன் வீட்டுக்குப் போய்க் கதிரரிவாளை எடுத்துவந்து, என் தொண்டைக்குப் பக்கத்தில் மஃப்ளரை அறுத்தார். அந்தக் கருவிக்குக் கையேடு இல்லை.

"நல்ல நேரத்துல வந்தீங்கக்கா. கரண்ட் மட்டும் வந்திருந்தா..."

அவர் அரிவாளை முந்தானையில் துடைத்தார்.

"இன்னிக்கு லைன் வேலை சார். ஒம்போதுக்கு நிறுத்துனா அஞ்சு மணிக்குத்தான் வுடுவாங்க. நேத்தே ஊரெல்லாம் சொன்னாங்களே. நீங்க பாட்டுக்கு உங்க வூட்டம்மா வர்ற வரைக்கும் சும்மா குந்தினு இருந்திருக்கலாம். நல்ல தாப்பா ஒண்ணு வீணா பூட்ச்சி."