நிறைகுடத்துக்கு ஒரு சாண் முன்னே

எங்கள் விவாத மன்றத்தின் நடுவர் மேசையில் பித்தளை மணி கிடையாது. அங்கே இருப்பது ஒரு பழைய காரின் பிறேக் ட்ரம். அகன்ற சட்டியைப் போன்ற அந்த வார்ப்பிரும்பை மரச் சட்டமொன்றில் சங்கிலியால் தொங்கவிட்டிருக்கிறோம். சில்லுக் கழற்றும் ஸ்பானரால் ஒருமுறை தட்டினால் பேச்சாளருக்கு இன்னும் ஒரு நிமிடம் உண்டு என்று பொருள். மறுமுறை தட்டினால் வாக்கியம் எந்த இடத்தில் இருந்தாலும் அவர் நிறுத்தியாக வேண்டும். புதிதாக வரும் மாணவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். முதல் தட்டு மண்டபச் சுவரில் மோதித் திரும்பும்போது அந்தச் சிரிப்பு அடங்கிவிடும். மேடையில் நான் பெற்ற கேடயங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. எனினும் என் பெருமை எதுவென்று கேட்டால் இந்த இரும்பைத்தான் காட்டுவேன். இது என் மாமியின் காரில் இருந்து வந்தது. அந்தக் காரைப் பற்றி நான் நிகழ்த்திய ஒரு நல்ல உரை முற்றிலும் தவறானது என்பதற்கும் இதுவே சான்று.

மாமி என் தாயாரின் மூத்த தமையனுடைய மனைவி. வவுனியா நகரை ஒட்டிய நெளுக்குளத்தில் வசிக்கிறார். உயரம் குறைந்தவர்; சாரதி ஆசனத்தில் ஒரு தலையணை இல்லாமல் அவருக்குத் தெரு தெரியாது. கார், எல்லோரும் ‘ஏ போர்ட்டி’ என்று அழைக்கும் அந்தக் காலத்து வட்ட முதுகுக் கார். என் தாயார் பிறப்பதற்கு முன்னரே கப்பலில் வந்திறங்கியது. போரின்போது பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் கிளிநொச்சிப் பக்கத்தில் மாமா அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார். போர்நிறுத்தத்தில் பாதை திறந்த காலத்தில் குடும்பத்தையும் மாமியின் தையல் மெசினையும் அதில் ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்கு வந்தார். அவர் மாரடைப்பால் இறந்தபின் கார் ஓராண்டு தார்ப்பாயின் கீழ் கிடந்தது. பிறகு ஒரு காலையில் மாமி தார்ப்பாயை உரித்து, தானே ஓட்டப் பழகி, கலியாண ஹயருக்கு, அதாவது வாடகை ஓட்டத்துக்கு, இறக்கினார். குளிரூட்டிய புதிய வாகனங்களை விட்டுவிட்டு, பாலாடை நிறத்தில் மின்னும் அந்தக் காரையே படத்துக்காகவும் பெருமைக்காகவும் மக்கள் கேட்டார்கள். பட்டுச் சேலை உடுத்த ஒரு பெண் ஓட்ட, பின்னால் மணமக்கள் இருந்து வரும் காட்சி செட்டிகுளம் வரை பேசப்பட்டது.

அந்தக் காருக்கு ஒரு குறை இருந்தது: நிற்க மனம் வராது. நான்கு சில்லுகளுக்குள்ளும் ட்ரம் பிறேக். மாமி நிறுத்துவதென்றால் ஆசனத்தை விட்டு எழும்பி, முழு உடம்பின் பாரத்தையும் வலக்காலில் இறக்குவார். பின்னால் இருப்பவர்களுக்கு அவருடைய கொண்டை கூரையை நோக்கி உயர்வது தெரிந்தால், கார் நிற்கப்போகிறது என்று விளங்கும். வெயிலில் இது வேடிக்கை. மழையில் வேறு கதை. ட்ரம்முக்குள் நீர் புகுந்தால், உள்ளே உரசிப் பிடிக்கும் லைனர் வழுக்கும். ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் விட்டுவிடும்.

பூவரசங்குளத்தில் ஒரு தை மாதக் கலியாணத்தில் அதுதான் நடந்தது. குளம் நிரம்பி, மிகுதி நீர் வான்கட்டு வழியே வான் பாய்ந்துகொண்டிருந்தது. தெருவுக்குக் குறுக்கே ஓடிய நீரை மாமி மணமக்களோடு முதலாம் கியரில் கடந்து, இருநூறு மீற்றர் தள்ளியிருந்த பெண் வீட்டு வாசலுக்குத் திரும்பினார். வாசற் படலையின் இருபுறமும் குலை வாழை. உள்ளே மேசைமீது மாவிலையும் தேங்காயும் வைத்த நிறைகுடம். கொண்டை உயர்ந்தது, கார் நிற்கவில்லை. இடப்பக்கம் இழுத்து, வாழையைச் சரித்து, மேசைக் காலில் முட்டிய பின்னரே நின்றது. நிறைகுடம் கவிழ்ந்து தேங்காய் உருண்டது. யாருக்கும் கீறல்கூட விழவில்லை. ஆனால் கலியாண வாசலில் குடம் கவிழ்ந்தால் அது காயத்தைவிடப் பெரிய சேதி. மாமி நெளுக்குளம் திரும்பும் முன்னரே சேதி அங்கே வந்துவிட்டது. அந்த ஆண்டு முழுவதும் ஒருவரும் மாமியின் காரைக் கேட்கவில்லை.

குடும்பம் கூடியது. மாமாவின் தம்பி, என் சின்ன மாமா, காரை விற்க வேண்டுமென்று ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தார். தன் பக்கத்தை எடுத்துச் சொல்ல என்னைக் கேட்டார். அப்போது நான் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். மாவட்டப் போட்டியில் வென்று ஒரு வாரம்கூட ஆகவில்லை. எழுந்து நின்று, குரலைத் தாழ்த்தித் தொடங்கி, படிப்படியாக உயர்த்தினேன். பழையதை நேசிப்பது வேறு, பழையதில் மணமக்களை ஏற்றுவது வேறு என்று பிரித்துக் காட்டினேன். மாமாவின் நினைவு இரும்பில் இல்லை என்றேன். அந்த இடத்தில் என் தாயார் கண்ணைத் துடைத்தார். முடித்தபோது மறுத்துப் பேச ஒருவரும் இருக்கவில்லை. “வழக்கு முடிஞ்சுது, மச்சாள்” என்றார் சின்ன மாமா.

மாமி தேத்தண்ணீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை; ஒரு தைத்த சட்டையைத் திருப்பிப் பார்க்கும் பார்வை.

“நல்லாத்தான் கதைச்சனீ, பிள்ளை. ஆனா காரைப் பற்றியும் மாமாவைப் பற்றியும்தான் கதைச்சனீ. பிழை விட்டது பிறேக். அதைப் பற்றி நீ ஒண்டுமே சொல்லேல்லையே.”

மேடையில் எனக்கு எதிராக எத்தனையோ மறுப்புரைகள் வந்திருக்கின்றன. அந்த நான்கு வாக்கியங்களைப் போல் எதுவும் என் உரையை அடியோடு சாய்த்ததில்லை.

அடுத்த நாளே அவர் பஸ் ஏறிச் செட்டிகுளம் போனார். அங்கே ‘நானா’ என்று எல்லோரும் அழைக்கும் முஸ்லிம் ஒருவர் கராஜ் வைத்திருந்தார். போர்க்காலத்தில் புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து, பல ஆண்டுகளின் பின் திரும்பி வந்து, தகப்பனாரின் கராஜ் இருந்த அதே காணியில் கூரை போட்டவர். மாமி கேட்டது ஒன்றுதான்: ட்ரம்மைக் கழற்றிவிட்டு முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் போட முடியுமா? ட்ரம் என்பது மூடிய சட்டி. உள்ளே போன நீர் அங்கேயே நிற்கும். டிஸ்க் என்பது திறந்த தட்டு; இருபுறமும் கட்டைகள் வந்து இறுக்கும்போதே நீர் வழிக்கப்பட்டுவிடும். இதை நானா ஒரு சாப்பாட்டுத் தட்டையும் இரண்டு விரல்களையும் வைத்து விளக்கியதாக மாமி வந்து சொன்னார். உடைத்த ஜப்பான் கார் ஒன்றிலிருந்து தட்டுகளும் இறுக்கிகளும் கிடைத்தன. ஏ போர்ட்டியின் அச்சில் அவை நேரே பொருந்தா. இடையில் ஒரு இரும்புத் தகடு கடைய வேண்டும். வவுனியா லேத் பட்டறையில் கடைந்த முதல் தகடு நூலளவு தடித்துவிட்டதால் இறுக்கி சில்லின் உட்புறத்தில் உரசியது. மாமி அதைத் துணியில் சுற்றிக்கொண்டு மறுபடி பட்டறைக்குப் போனார். சட்டைக் கழுத்தை வெட்டும்போது தான் விடும் பிழைதான் இது என்று பட்டறைக்காரருக்கு ஆறுதல் சொன்னாராம். காலின் பாரத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டர் ஒன்றையும் நானா பொருத்தினார். புதிய குழாய்கள் போட்டார். சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே இருந்த பழைய தலைமைச் சிலிண்டரை மட்டும் அவர் தொடவில்லை. “ஒழுகாத சாமானக் கழட்டி வம்ப வாங்கக் கூடாது, அக்கா” என்று சொல்லிவிட்டார்.

மாமி வீட்டு வாசலில் ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. வழக்கப்படி நான்கு சில்லுகளின் கீழும் தேசிக்காய் வைத்தோம், தேங்காய் உடைத்தோம், நானா சற்று ஒதுங்கி நின்று தன் இறைவனை வேண்டிக்கொண்டார். சின்ன மாமாவும் வந்திருந்தார், வாங்குவதாகச் சொன்ன ஒருவருடைய தொலைபேசி இலக்கத்தோடு. மாமி தலையணையில் அமர்ந்து புறப்பட்டார். தேசிக்காய்கள் நசிந்தன. ஒழுங்கை தெருவைத் தொடும் முனையில் ஒருமுறை பிறேக் பிடித்தார். கார் அற்புதமாக நின்றது. மறுபடி எடுத்தார், மறுபடி நின்றது. மூன்றாம் முறை நின்ற கார் பிறகு அசையவே இல்லை. எஞ்சின் முனகியது, முன் சில்லுகளிலிருந்து கருகும் மணம் எழுந்தது. காலை எடுத்த பின்னும் பிறேக் விடவில்லை.

“தேசிக்காயை நசிக்கத் தெரியுது; அங்காலை போகத்தான் தெரியேல்லை” என்றார் சின்ன மாமா. வேலியோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். நேற்றுவரை நிற்காத கார் இன்று நகராத காராகிவிட்டது. தன் ஊரின் முன்னே ஒரு மனிதர் எவ்வளவு தனித்துப்போகலாம் என்பதை, கதவைத் திறந்து இறங்கிய மாமியின் முகத்தில் நான் கண்டேன்.

நானா சாவியோடு காரின் அருகே குனிந்தார். ஒரு சில்லின் பின்னால் இருந்த காற்றுப் போக்கும் முளையைத் தளர்த்தினார். எண்ணெய் சீறிப் பாய்ந்தது. சில்லு உடனே விடுபட்டுச் சுழன்றது. அவர் நிமிர்ந்து, குழாய்க்குள்ளே ஏதோ ஒன்று அழுத்தத்தைத் திரும்ப விடாமல் பிடித்து வைத்திருக்கிறது, அது என்னவென்றுதான் தெரியவில்லை என்றார்.

மாமி நசிந்த தேசிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“நானா, அந்தப் பழைய சிலிண்டரைக் கழட்டுங்கோ. அதுக்குள்ளை சைக்கிள் ட்யூப்பிலை வெட்டின ஒரு வாசர் இருக்கும். நான்தான் வெட்டிக் குடுத்தனான்.”

தடைக் காலத்தில் பிறேக் ஒயில் கிடைக்கவில்லை. மாமா ஆமணக்கெண்ணெயைக் காய்ச்சி ஊற்றிப் பார்த்திருக்கிறார். மிதிக்கு மிதி அழுத்தம் இறங்கிப்போயிருக்கிறது. அதைத் தடுக்க, சிலிண்டரின் வாயில் ஒரு றப்பர் வளையத்தைச் செருகி, போன எண்ணெய் திரும்பாதபடி செய்தார். மாமி தையல் கத்தரிக்கோலால் அதை வட்டமாக வெட்டிக் கொடுத்தார். அழுத்தம் தேங்கினாலும் உள்ளிருக்கும் வலுவான சுருள்கம்பிகள் லைனரை இழுத்துவிடும் என்பதால், ட்ரம் அதைப் பொறுத்துக்கொண்டது. தட்டைப் பிடிக்கும் புதிய இறுக்கிக்கு அப்படி இழுக்க ஏதும் இல்லை. ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் இறுகியது. தட்டுப்பாட்டின் நாள்களில் எங்கள் மக்கள் கண்டுபிடித்தவை ஏராளம். தட்டுப்பாடு போன பிறகும் அவை உள்ளே இருந்து வேலை செய்துகொண்டிருப்பதை யார் நினைத்தார்?

சிலிண்டர் கழன்றது. நானாவின் உள்ளங்கையில் ஒரு சின்னக் கறுப்பு வளையம் விழுந்தது; ஓரத்தில் கத்தரிக்கோல் ஏறி இறங்கிய தடம்கூட அழியவில்லை. மாமி அதை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

“பாருங்கோவன். இவ்வளவு காலமும் அவர் பிறேக்கிலை இருந்து காலை எடுக்கேல்லை.”

முதலில் அவர்தான் சிரித்தார். அதன் பிறகே நாங்கள் சிரித்தோம். சின்ன மாமா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார். அன்று மாலை கார் நெளுக்குளத்துத் தெருவில் ஓடியது, நின்றது, ஓடியது. விட வேண்டிய இடத்தில் விட்டது. மாமி ஆசனத்தை விட்டு ஒருமுறைகூட எழும்பவில்லை.

ஆனால் அவர் விரும்பியது நெளுக்குளத்துத் தெருவை அல்ல. பூவரசங்குளத்து அந்த வீட்டில் இளைய மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாமி தானே போய், அதே வாசலுக்கு அதே காரில் மணமக்களைக் கொண்டுவர அனுமதி கேட்டார். தகப்பனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாயார்தான் வழி திறந்தவர்: “குடம் கவிண்ட மூத்தவள் கைப்பிள்ளையோடை நல்லாத்தானே இருக்கிறாள்?” தகப்பனார் ஒரு நிபந்தனை வைத்தார். கலியாணத்தன்று காலையில் வெறுங்காரை ஓட்டி வர வேண்டும். வான் பாயும் நீரைக் கடந்து வர வேண்டும். நிறைகுடத்தின் பக்கத்தில் அவரே நிற்பார். நின்ற விதத்தைப் பார்த்துத்தான் மிகுதி.

அன்று வானமும் மாமியைச் சோதிக்கவே விடிந்தது போலிருந்தது. இரவு முழுவதும் பெய்த மழையில் தெருவுக்குக் குறுக்கே நீர் முன்னைவிட அகலமாக ஓடியது. நான் வாசலில் நின்றேன். தகப்பனார் நிறைகுடத்தின்மேல் ஒரு கையை வைத்தபடி நின்றார்; குடத்தைக் காக்கிறாரா, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. பாலாடை நிறக் கார் நீரில் இறங்கியது, இருபுறமும் நீர் சிறகுபோல் விரிந்தது, கரையேறியது. வாழைகளுக்கு நடுவே திரும்பியது. என் கண் மாமியின் கொண்டையிலேயே இருந்தது. அது உயரவில்லை. கார் ஒரு கோடு கீறியதைப் போல் நேரே வந்து, மேசைக்கு ஒரு சாண் முன்னே நின்றது. மாவிலை ஆடவில்லை.

தகப்பனார் குனிந்து அந்த ஒரு சாணை விரித்த விரல்களால் அளந்தார். பிறகு கையை எடுத்துக் காரின் மூக்கில் வைத்தார்.

“போய்ப் பொம்பிளை மாப்பிளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, தங்கச்சி.”

பிற்பகலில் மணமக்களோடு வந்தபோது, மாமி காலையில் பதித்த தடத்தின்மேலேயே காரை நிறுத்தினார். ஈர மண்ணில் இரண்டாவது தடம் தனியாகத் தெரியவே இல்லை. அந்த மாதமே தொலைபேசி மறுபடி ஒலிக்கத் தொடங்கியது. சின்ன மாமா தன் மகனின் கலியாணத்துக்குக் காரைக் கேட்டபோது, வரிசையில் நிற்கச் சொன்னார் மாமி.

கழற்றிய ட்ரம்களில் ஒன்றை அவர் எனக்கு அனுப்பிவைத்தார். விளக்கம் எதுவும் எழுதவில்லை, எனக்கு விளங்கியது. அதன் பிறகு எந்தத் தலைப்பைத் தந்தாலும், நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே: பிழை விட்டது எது?

சென்ற மாதம் எங்கள் இறுதிப் போட்டிக்கு மாமியைச் சிறப்பு விருந்தினராக அழைத்தோம். மண்டப வாசலில் கார் வந்து நின்ற சத்தம் எவருக்கும் கேட்கவில்லை. நடுவர் மேசைக்குப் பக்கத்தில் முன்வரிசையில் அமர்ந்து, காரின் திறப்புச் சாவி வளையத்தை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார். அதில் அந்தக் கறுப்பு றப்பர் வளையமும் கோத்திருந்தது. மேடையில் ஒரு மாணவன் தன் உரையின் உச்சத்தில் இருந்தான். நேரம் முடிந்தது, நடுவரான நான் ஸ்பானரை எடுத்து இரண்டாம் முறை தட்டினேன். பாதி வாக்கியத்தில் அவன் நின்றான். மண்டபமே நின்றது. அந்த அமைதியில் மாமி என் பக்கம் சரிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“காரிலை இருந்தபோது ஒருநாளும் சொன்னபடி நிப்பாட்டாத சாமான், பிள்ளை. இப்ப பார்.”