குடோன் என்றுதான் சொன்னார்

பெரியநாயக்கன்பாளையத்துக்கு அருகே எங்கள் வீடு. பக்கத்துச் சோளக்காட்டை வாங்கியவர் ஒரு நாள் காலை பழங்களோடு வந்தார். "ஏனுங்க அம்மணி, சின்னதா ஒரு குடோன் கட்டறமுங்க. ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார். இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறாரே என்று படிக்காமலே போட்டுக் கொடுத்தேன்.

மறுமாதம் அந்தக் காட்டை அளக்க வந்த சர்வேயர் எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"இந்தத் தண்ணியத்தான் குடிக்கறீங்களா? இங்க வாரது முலாம் பூசற கம்பெனிங்க. ஆசிட் தண்ணி எறங்குச்சுன்னா கெணறு போச்சுங்க."

அன்றே நகரமைப்பு அலுவலகத்துக்கு ஓடினேன். விவசாய நிலத்தைத் தொழிற்சாலைப் பகுதியாக மாற்றக் கேட்ட விண்ணப்பத்தில் என் கையெழுத்து இருந்தது. ஆட்சேபணை தெரிவிக்க இரண்டே நாள்தான் பாக்கி. பொய் சொல்லி வாங்கிய கையெழுத்து என்று எழுதிக் கொடுத்தேன். விசாரிப்பதாகச் சொன்னார்கள். இன்னும் பதில் இல்லை. காட்டைச் சுற்றி மதில் எழும்பிவிட்டது.

இப்போதெல்லாம் எந்தத் தாளையும் முழுதாகப் படிக்காமல் கையெழுத்திடுவதில்லை. வாரம் ஒருமுறை ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையையும் பார்த்துவிடுகிறேன். போன வாரம் அதில், தொழிற்சாலைப் பகுதியாக மாற்றக் கேட்கும் புதிய அறிவிப்பு ஒன்றை ஒட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்புறம் இருக்கும் வேறொருவர் தோட்டத்தின் சர்வே எண் அதில் இருந்தது.