அத்தையின் எண்

ஆரியசாலையில் என் மகள் படித்த எல்கேஜி வகுப்பின் வாசலில் தினமும் அவரைப் பார்ப்பேன். உயர்ந்த கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். குளித்துவிட்டு வந்தாலும் இமைகளில் வெள்ளை ஒட்டியிருக்கும். “வீட்டு ஃபோன் நம்பர் குழந்தைங்களுக்கு மனப்பாடம் ஆகணும் கேட்டோ” என்று மலையாளத்து டீச்சர் சொன்ன நாளிலிருந்து, தன் மகளை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் உள்ளே விடுவார்.

“உங்க நம்பரா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இல்ல சார், வள்ளியூர்ல இருக்க எங்க அக்கா நம்பரு.”

“உங்களுது சொல்லிக் குடுக்கலையா?”

“நான் கயித்துல தொங்குத ஆளு. ஒண்ணு ஆயிப்போச்சுன்னா என் ஃபோன யாரு எடுப்பா? தாயில்லாப் பிள்ள. அக்காதான் வந்து கூட்டிட்டுப் போவணும்.”

அன்று மாலை என் மகள் என் எண்ணை ஒரு இலக்கம் தவறாமல் ஒப்பித்தாள். “வெரி குட்” என்று சொல்லிவிட்டு, அவளுடைய அத்தையின் எண்ணையும் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன்.