சுரைப்புரடையும் அரைஞாண் கயிறும்

எங்கள் பெண்ணுக்கு அப்போது பத்து மாதம். அக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போயிருந்த என் கணவர், ஜேடர்பாளையத்துக்குக் கீழே பரிசலேறி வந்துவிடும்படி எழுதியிருந்தார். காவிரியில் புதுத் தண்ணீர் வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. வெள்ளம் வடியட்டும் என்று பதில் எழுதியிருக்கலாம். சாக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாரோ என்று கிளம்பிவிட்டேன்.

நீச்சல் பழகுகிறவர்கள் முதுகில் கட்டிக்கொள்ளும் காய்ந்த சுரைக்காயைச் சுரைப்புரடை என்போம். ஒன்றைத் தேடி வாங்கி, ஓட்டை இருக்கிறதா என்று தொட்டித் தண்ணீரில் இரண்டு முறை அழுத்திப் பார்த்து, குழந்தையின் முதுகில் கட்டினேன். அப்படியும் மனம் கேட்கவில்லை. என் முந்தானையை அவளுடைய அரைஞாண் கயிற்றில் கோத்து முடிந்தேன்.

பரிசலில் ஏறும்போது பரிசல்காரர் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, அந்த முடிச்சை அவுத்துப் போடுங்க. பரிசல் கவுந்தா புரடை பாப்பாவை மெதக்க வெக்கும். உங்களையும் சேத்துத் தாங்காதுங்க."

உள்ளே உட்கார்ந்திருந்த வெற்றிலைக்காரி சிரித்தாள். "என்ற கூடைக்கும் ஒரு புரடை கட்டி உடுங்க. வெத்தலை முழுகிப் போயிரும்."

அவிழ்த்தேன். அவர் துடுப்பை எடுக்கத் திரும்பியதும், மடிக்குள் மறைத்து மறுபடி முடிந்துவிட்டேன். அவர் சொன்னது சரி என்று தெரியும். என் கைகளைத்தான் நான் நம்பவில்லை.

நடு ஆற்றில் பரிசல் சுழன்று பாறையில் உரசிச் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே வந்தது. மடியிலிருந்து சரிந்த குழந்தையை வெற்றிலைக்காரி பாய்ந்து பிடித்தாள். நான் எதிர்ப்பக்கம் மல்லாந்து விழுந்தேன். முந்தானை இழுத்ததில் கயிறு குழந்தையின் வயிற்றை இறுக்கியது. வாய் திறந்திருந்தது, அழுகை வரவில்லை.

"புள்ளை வரமாட்டேங்குது. எதுலயோ மாட்டியிருக்குது," என்று கத்தினாள் வெற்றிலைக்காரி.

பரிசல்காரரால் துடுப்பை விட முடியாது. "கட்டுனவங்களே கிட்டப் போங்க," என்றார் என்னைப் பார்த்து.

தவழ்ந்து போனேன். கயிறு தளர்ந்ததும் குழந்தை வீறிட்டாள்.

கரை சேர்ந்தும் நனைந்த முடிச்சு அவிழவில்லை. பரிசல்காரர் கத்தியால் முந்தானை நுனியை அறுத்துவிட்டார். சேலை ஏன் கிழிந்திருக்கிறது என்று மேட்டில் காத்திருந்த கணவர் கேட்டார். பரிசல் மூங்கிலில் மாட்டியது என்றேன்.

மாலையில் குழந்தையைக் குளிப்பாட்டும்போது இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு.

"அரைஞாணை இவ்வளவு இறுக்கியா கட்டுவாங்க? கொஞ்சம் தளர்த்திக் கட்டு," என்றார் அவர்.

தளர்த்திக் கட்டினேன்.