சேவலுக்கு ஒரு கை

வேப்பந்தட்டையில் எங்கள் தெருப் பஞ்சவர்ணம் சித்திக்கு, சாபம் விட்டு ஊராருக்குத் தண்டனை கொடுப்பதென்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. தண்ணீர்க் குழாயில் யாராவது வரிசை தாண்டினால் அவர்கள் குடும்பமே நாசமாகப் போக வேண்டும். வாசலில் குப்பையைத் தள்ளினால் கண் அவிந்துபோக வேண்டும். அதற்குக் கீழே அவளிடம் தண்டனையே கிடையாது.

போன ஆடியில் அவளுடைய சேவல் காணாமல் போனது. சித்தி நடுத்தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

“எஞ்சேவலைத் தூக்குனவன் கை வெளங்காமப் போவணும். சிறுவாச்சூர் காளி, நீயே பாத்துக்க.”

நான் பெரம்பலூர் கோர்ட்டில் வக்கீல். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“சேவலுக்கே கைன்னா, கொலை பண்ணுனவனுக்கு என்ன சித்தி மிச்சம் இருக்கு? மொதல்ல விசாரிக்க வேணாமா?”

“விசாரிச்சு விசாரிச்சுத்தான் ஒங்க கோர்ட்டுல ஒரு கேஸும் முடியல” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உண்மை என்பதால் கோபம் இன்னும் கூடுதலாக வந்தது.

அதே வாரம் அவள் மருமகன் வீரமணி பைக்கோடு சரிந்து வலது கையை முறித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு அசடு வழிந்தான்.

“அத்தை, ஒங்க சேவலை நாந்தான் புடிச்சிட்டுப் போனேன். மாசமா இருக்கிறவ ஆசைப்பட்டுக் கேட்டா. நீங்க காட்டுல இருந்தீங்க. நம்ம வூட்டுச் சேவல்தானேன்னு கொழம்பு வச்சிட்டோம். சொல்ல மறந்துட்டேன்.”

சித்திக்கு முகம் வெளுத்துவிட்டது. வீரமணி கொத்தனார். கை போனால் மகள் பிரவீணாவின் குடும்பமே போச்சு. எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொன்னதை அவள் நம்பவில்லை. அவள் வழக்குக் கொடுத்தது டாக்டரிடம் இல்லையே.

திங்கட்கிழமை அவளையும் பிரவீணாவையும் சிறுவாச்சூருக்கு நான்தான் கூட்டிப்போனேன். கோயிலில் மாவிளக்குக்கு அரிசி இடித்துக்கொண்டே சித்தி வாதாடினாள்.

“எடுத்தான், இல்லைங்கல. திருடணும்னு எடுக்கலயே தாயே. மனசுல என்ன இருந்துச்சுன்னு பாக்க வேணாமா? அப்படியே தப்புன்னாலும் ஒரு சேவலுக்கு ஒரு கையா?”

இந்த இரண்டு கேள்விக்கும் வந்து சேர உலகத்து அறிஞர்களுக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. எனக்கு இதே பாடத்தில் இரண்டு அரியர். சித்திக்கு ஒரு மருமகன் போதுமாக இருந்தது.

மாவைச் சலித்துக்கொண்டிருந்த பிரவீணா நிமிர்ந்தாள். “ஏம்மா, எடுத்தது அடுத்த வூட்டுப் புள்ளையா இருந்து, அவன் கை ஒடிஞ்சிருந்தா?”

சித்தி உலக்கையை நிறுத்தினாள்.

“சந்தோஷப்பட்டிருப்பேன்டி” என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு சன்னதிப் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். “தாயே, இவனுது மட்டும் இல்ல. இதுவரைக்கும் ஒங்கிட்ட குடுத்த எல்லாக் கேஸையும் வாபஸ் வாங்கிக்கிறேன்.”