முப்பது அங்குல மேஜையும் என் முக்கோணமும்

இரும்பை வளைக்கிறது சுலபங்க, வளைக்கிறதுக்கு முன்னாடி எவ்வளவு நீளம் வெட்டணும்னு முடிவு பண்றதுலதான் மானம் போகும். வெல்டிங் பட்டறை வச்சுப் பிழைக்கிற சக பாவிகளே, உங்களுக்கா தெரியாது!

வட்டத்துக்கு முக்கோணம்

செங்கம் ரோட்டுல தேன்மொழின்னு ஒரு அம்மா புதுசா காபிக் கடை வைக்கிறாங்க. முப்பது அங்குல வட்ட மேஜை பன்னெண்டு. எல்லாத்துக்கும் மரத்தைச் சுத்தி இரும்புப் பட்டை மாட்டணும். வெள்ளிக்கிழமை திறப்பு.

சாக்பீஸோட தரையில உக்காந்தேன். விட்டத்தைப் போல மூணு மடங்கு, தொண்ணூறு அங்குலத்துக்கு ஒரு கோடு. அதோட முனையில மூலைமட்டம் வச்சு செங்குத்தா இருபத்தெட்டு, அதாவது விட்டத்துல பதினஞ்சுல ஒரு பங்கு கம்மி. ரெண்டு முனையையும் சேர்க்கிற சாய்வுக் கோட்டை டேப்புல அளந்தா தொண்ணூத்திநாலே கால். அதான் வட்டத்தோட சுற்றளவு. இருபது வருஷமா என்னைக் கைவிடாத வித்தைங்க இது. தேன்மொழி குனிஞ்சு பாத்தாங்க.

"அண்ணா, நான் சொன்னது ரவுண்டு மேஜை."

தரிசனம்

ஆசிரமத்துக்குப் போற வெள்ளைக்கார அம்மா ஒருத்தங்க முக்கோணத்தைப் பாத்துட்டு நின்னாங்க. ஏதோ யந்திரக் கோலம்னு நினைச்சாங்க போல, செருப்பைக் கழட்டிட்டு, கண்ணை மூடி அதுக்கு எதிர்ல உக்காந்தே உட்டாங்க! எனக்குத் தலைகால் புரியல. ஒண்ணு மட்டும் வெட்டி மாட்டிப் பாக்கலாம்னான் வெல்டர் சேகர், கீழ்பென்னாத்தூர்க்காரன். வித்தை மேலயே சந்தேகமா? பன்னெண்டையும் வெட்டுடான்னேன். சேகர் உக்காந்திருந்த அந்த அம்மாவைக் காட்டினான்.

"சீக்கிரம் கற்பூரம் காட்டி அனுப்புங்க மொதலாளி, மெஷினைப் போடணும்."

முக்கால் அங்குலம்

வளைச்சு மாட்டினா, பட்டையோட ரெண்டு முனையும் சேரல. முக்கால் அங்குலம் இடைவெளி. பன்னெண்டுலயும்! முக்கோணத்தை மூணு தடவை அளந்தேன், மயிரிழை பிசகல. அப்புறம்தான் உறைச்சது. பட்டையோட தடிமன் கால் அங்குலம். அது மரத்துக்கு வெளியில நிக்குது. பட்டையோட நடுவுக்குக் கணக்குப் போட்டு விட்டத்தை முப்பதே கால்னு வச்சிருக்கணும். மறுபடி வெட்ட இரும்பும் இல்ல, நாளும் இல்ல. துண்டு வச்சு ஒட்டுப் போட்டோம்.

"பன்னெண்டும் ஒரே மாதிரி தப்பா இருக்குது மொதலாளி, அளவுல நீங்க பக்கா."

திறப்பு

எவ்வளவு தேய்ச்சும் ஒட்டு தழும்பு மாதிரி தெரிஞ்சது. மேஜையெல்லாம் திருப்பி அனுப்பிட்டா ஊருக்குள்ள எப்படித் தலை காட்டுறதுன்னு பயந்துகிட்டேதான் போனேன். தேன்மொழி பதினோரு மேஜையைச் சுவரோரம் போட்டு, ஒட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தாங்க. நடுக்கூடத்துல இருந்த ஒரு மேஜைக்குத்தான் மறைக்கச் சுவர் இல்ல. அங்க எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாங்க.

"உக்காருங்கண்ணா, ஒட்டு தெரியுற பக்கம்தான் உங்க சேர்."

முக்கோணம் ஒரு நாளும் தப்பு பண்ணதில்லைங்க, வரைஞ்சவன்தான் முக்கால் அங்குலம் கம்மி.